பூகா பள்ளத்தாக்குக்கு எந்த மின்சாரம்? புவிவெப்பம், சூரிய ஒளி, மின்பாதை, டீசல் – ஓர் ஒப்பீடு

லடாக் போய்வந்த வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "சோ மோரிரி ஏரிக்குப் போகும் வழியில் பூகா என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். தரையிலிருந்து வெந்நீர் கொப்பளித்து ஓடுகிறது. கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம், விடுதியோடு. குளிர்காலத்துக்கான எரிபொருள் எங்கிருந்தோ லாரியில் வரவேண்டும் என்றார் ஓட்டுநர். காலடியிலேயே இவ்வளவு சூடு இருக்கும்போது ஏன் இப்படி?"

இதற்கு நேர் எதிரான கேள்வி ஒரு பொறியியல் மாணவரிடமிருந்து வந்தது: "சோலார் மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாய்க்கு வந்துவிட்டது. அப்புறம் எதற்குப் பூமியைத் துளைக்க வேண்டும்?"

இரண்டுமே நல்ல கேள்விகள். புவிவெப்பம் நல்லதா, சோலார் நல்லதா என்று பொதுவாகப் பேசினால் விவாதம் சுற்றிச்சுற்றி வரும். ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே யாருக்கு, எந்த நேரத்தில், என்ன தேவை என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஆகவே பூகாவையே எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் புவிவெப்பம் என்று பேச்சு வந்தாலே முதலில் வரும் பெயரும் அதுதான்.

## முதலில் இடம்

லே நகரத்திலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 170 கிலோமீட்டர். உயரம் சுமார் 4,400 மீட்டர். பூமியின் மேலோட்டுப் பாளங்களான இந்தியத் தட்டும் யூரேசியத் தட்டும் மோதி ஒட்டிய தழும்பின் ஓரத்தில் கிடக்கும் பள்ளத்தாக்கு இது. அந்த மோதலின் வெப்பம்தான் கீழிருந்து தண்ணீரைச் சூடாக்குகிறது. ஊற்றுகளில் வெப்பநிலை 84 டிகிரி வரை போகிறது. சென்னையில் 84 டிகிரி என்றால் கொதிக்காத தண்ணீர். பூகாவின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது அந்த ஊற்றுகள் கொதிநிலையைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1970களிலேயே இங்கே 34 துளைகள் போட்டுப் பார்த்தது. மிக ஆழமானது 385 மீட்டரை ஒட்டியது. சில துளைகளிலிருந்து 140 டிகிரி வரை சூடான நீரும் ஆவியும் கலந்து பீறிட்டன. நல்ல துளை ஒன்று மணிக்கு 30 டன் வரை தள்ளியது. நீரில் கரைந்திருக்கும் உப்புகளை வைத்துக் கணக்கிட்டவர்கள், இன்னும் ஆழத்தில் 200 டிகிரிக்கு மேல் இருக்கும் என்கிறார்கள்.

அங்கே வாழ்பவர்கள் சாங்பா மக்கள். பஷ்மினா ஆடுகளோடு மேய்ச்சல் தேடி இடம் மாறுகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காகத்தான் அந்த உறைவிடப் பள்ளி. பள்ளத்தாக்கின் ஈரநிலத்தில் கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டுகிறது. லடாக்கின் அரசுப் பறவை அது. இந்த இரண்டையும் மறந்துவிட்டு மெகாவாட் பேசினால் கணக்கு தப்பாகிவிடும்.

## எதை வைத்து அளப்பது?

யூனிட் விலையை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளுகிறேன். நண்பகலில் ராஜஸ்தானில் கிடைக்கும் ஒரு யூனிட்டும், ஜனவரி மாதம் அதிகாலை மூன்று மணிக்குப் பூகாவில் கிடைக்கும் ஒரு யூனிட்டும் மீட்டரில் ஒன்றுதான். வாழ்க்கையில் ஒன்றல்ல. எனவே என் அளவுகோல்கள் இவை:

- ஜனவரி இரவு. டிசம்பர், ஜனவரியில் லடாக்கில் இரவு 14 மணி நேரத்தைத் தாண்டும். குளிர் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும். அந்த நேரத்தில் கிடைக்குமா?
- சூடு. அந்தக் குளிரில் பெரிய தேவை விளக்கோ ஃபோன் சார்ஜோ அல்ல, அறையைச் சூடாக்குவது. அதற்கு இந்த வழி எவ்வளவு உதவும்?
- பழுது. கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள்? உதிரிபாகம் பனிக்காலத்தில் வந்து சேருமா?
- முதலும் அதன் ஆபத்தும். எவ்வளவு பணம் முதலிலேயே போட வேண்டும்? போட்ட பணம் மொத்தமாக வீணாகும் வாய்ப்பு உண்டா?
- மண், நீர், மேய்ச்சல், பறவை. யாருடைய நிலத்திலிருந்து எடுக்கிறோம், எதை அழுக்காக்குகிறோம்?

## டீசல் ஜெனரேட்டர்

எங்கே வெல்கிறது: இன்றைக்கே வேண்டும், ஒரு வாரத்தில் வேண்டும் என்றால் இதைத் தவிர வேறு வழி இல்லை. எடுத்துவந்து வைக்கலாம், ஓட்டத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் உண்டு.

எங்கே தோற்கிறது: 4,400 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 40 விழுக்காடு குறைவு. எஞ்சினுக்கு மூச்சு முட்டும். பெயர்ப்பலகையில் 100 கிலோவாட் என்றிருந்தாலும் அங்கே அவ்வளவு கொடுக்காது. சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகுபோல் கட்டிக்கொள்ளும். இதற்காகவே 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்குக்கென்று கொண்டுவந்தது.

மறைந்திருக்கும் செலவு: ஒரு லிட்டர் டீசலில் மூன்று யூனிட் சொச்சம் வரும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எண்ணெய்க்கு மட்டுமே யூனிட்டுக்கு 30 ரூபாய். மலைப்பாதையில் ஏற்றிவரும் லாரிச் செலவு, பனிக்காலத்துக்கு முன்பே வாங்கி அடுக்கிவைக்க முடங்கும் பணம், எஞ்சின் பராமரிப்பு எல்லாம் இதன்மேல். ராணுவத்துக்கோ மருத்துவமனைக்கோ அவசரத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதுக்கு மேல் இதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை.

## வெளியிலிருந்து வரும் மின்பாதை

எங்கே வெல்கிறது: ஸ்ரீநகரிலிருந்து திராஸ், கார்கில் வழியாக லே வரை 220 கிலோவோல்ட் மின்பாதை 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 335 கிலோமீட்டர், செலவு 2,266 கோடி ரூபாய். அதுவரை லடாக் தேசிய மின்கட்டமைப்போடு சேராத தனித் தீவாக இருந்தது. சிந்து ஆற்றில் 45 மெகாவாட் நிம்மோ பாஸ்கோ, சுரு ஆற்றில் 44 மெகாவாட் சுடக் என்ற இரண்டு நீர்மின் நிலையங்கள் உண்டு. ஆனால் குளிர்காலத்தில் ஆறு உறைந்து சிறுத்துவிடும். தேவை உச்சத்தில் இருக்கும்போது உற்பத்தி அடியில் கிடக்கும். அந்தப் பள்ளத்தை இந்த மின்பாதை நிரப்பியது. லே மாதிரி ஒரு நகரத்துக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு உடனடியாகக் கிடையாது என்பது என் கருத்து.

எங்கே தோற்கிறது: நகரத்தைத் தாண்டிச் சாங்தாங்குக்குள் (பூகா இருக்கும் உயர்ந்த மேய்ச்சல் பீடபூமி) போகப்போக ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு வீடுகள் குறைந்துகொண்டே வரும். நாலு வீட்டுக்காக 20 கிலோமீட்டர் கம்பி இழுக்க வேண்டிய ஊர்கள் அவை. மேலும் மொத்தமும் ஜோஜி லா கணவாயைத் தாண்டி வரும் ஒரே பாதையை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு: பனிச்சரிவில் ஒரு கோபுரம் சாய்ந்தால் அந்த உயரத்தில், அந்தக் குளிரில் ஆள் ஏறிச் சரிசெய்ய வேண்டும். இன்னொன்று, தாழப் பறக்கும் பெரிய பறவைகளுக்கு மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. உலகெங்கும் கொக்குகள் கம்பியில் மோதிச் சாகின்றன. ஈரநிலத்தின் குறுக்கே லைன் இழுப்பவர்கள் இதைத் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

## சோலாரும் பேட்டரியும்

எங்கே வெல்கிறது: லடாக்கின் வெயில் அபாரமானது. மழை மேகம் எட்டாத மலை, மெல்லிய தூய காற்று, ஆண்டில் 300 நாளுக்கு மேல் தெளிந்த வானம். சோலார் பேனலுக்குக் குளிர் பிடிக்கும். சூடு ஏறினால்தான் திறன் குறையும். பேனல்களைக் கழுதைமேல் ஏற்றிக்கூடக் கொண்டுபோய்விடலாம். ஒன்று உடைந்தால் மற்றவை ஓடும். ஒரு வீட்டுக்கும் வைக்கலாம், ஒரு ஊருக்கும் வைக்கலாம். போட்ட பணம் மொத்தமாக வீணாகும் பயம் இல்லவே இல்லை. மாணவர் சொன்ன இரண்டரை ரூபாய் விலை, சமவெளியில் பெரிய ஏலங்களில் வந்த விலை. பூகாவில் அப்படியே கிடைக்காது. ஆனாலும் பகல் மின்சாரத்துக்கு இதை எதுவும் நெருங்க முடியாது.

எங்கே தோற்கிறது: இரவில். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இரவும் பகலும் ஒரு மெகாவாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் நல்ல வெயில் எட்டு மணி நேரம் என்றால், மீதி 16 மணி நேரத்துக்கு 16,000 யூனிட்டைப் பேட்டரியில் சேமிக்க வேண்டும். அந்த எட்டு மணி நேரத்தில் தேவையையும் கொடுத்து இதையும் நிரப்ப, ஒரு மெகாவாட்டுக்கு நாலு மெகாவாட் பேனலாவது வேண்டும். இரண்டு நாள் பனி கொட்டினால் இந்தப் பேட்டரியும் போதாது.

பேட்டரிக்கும் குளிர் ஆகாது. இப்போது பரவலாக வரும் லித்தியம் பேட்டரிகளை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே கெட்டுவிடும். ஆகவே பேட்டரி இருக்கும் அறையைச் சூடாக்க வேண்டும். அதற்கும் மின்சாரம் வேண்டும்.

இங்கே பாங் திட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. லடாக்கில் 13,000 மெகாவாட் அளவுக்குப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம், அதை ஹரியானாவின் கைத்தல் வரை கொண்டுபோக 713 கிலோமீட்டர் மின்பாதை, மின்பாதைக்கான மதிப்பீடு மட்டும் 20,773.70 கோடி ரூபாய். கூடவே 12,000 மெகாவாட்-மணி பேட்டரி. எண்கள் பிரமாண்டமாக இருக்கின்றன. ஆனால் வகுத்துப் பாருங்கள்: முழு உற்பத்திக்கு அந்தப் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அது லடாக்கின் இரவுக்காக வைக்கப்படும் பேட்டரி அல்ல. டெல்லி, ஹரியானா பக்கம் போகும் மின்சாரத்தைச் சீராக அனுப்புவதற்கானது. "லடாக்கில் இவ்வளவு பெரிய சோலார் வருகிறதே, அப்புறம் பூகா எதற்கு" என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: நிலம். வரைபடத்தில் வெறும் தரிசாகத் தெரிவது சாங்பாக்களுக்கு மேய்ச்சல் நிலம். குளிர்காலத்தில் ஆடு எங்கே மேயும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருக்கும் விஷயம். ஒரு பள்ளிக்கூடக் கூரையில் வைக்கும் பேனலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் வேலிக்குள் போகும்போது இதுதான் முதல் பிரச்சினை.

## புவிவெப்ப மின்சாரம்

எங்கே வெல்கிறது: நிற்காமல் ஓடும். பனி பெய்தாலும், இரவானாலும், ஆறு உறைந்தாலும் பூமியின் சூடு குறையாது. நன்றாக ஓடும் நிலையம் ஆண்டின் 80–90 விழுக்காடு நேரம் மின்சாரம் கொடுக்கும். ஒரு மெகாவாட் நிலையம் அப்படி ஓடினால் வருடத்துக்கு 70 லட்சம் யூனிட்டுக்கு மேல். அதே ஒரு மெகாவாட் சோலார் 20 லட்சம் யூனிட்டை ஒட்டித்தான் கொடுக்கும். நிலமும் குறைவு: இரண்டு மூன்று கிணறுகள், ஒரு கொட்டகை, சில குழாய்கள்.

140 டிகிரி தண்ணீருக்குப் பொருத்தமானது இருசுழற்சி முறை. ஊற்றுநீர் நேராக டர்பைனுக்குள் போகாது. தாழ்ந்த வெப்பத்திலேயே ஆவியாகும் வேறொரு திரவத்தைச் சூடாக்கிவிட்டுத் திரும்பக் கிணற்றுக்குள் போய்விடும். அந்தத் திரவத்தின் ஆவிதான் டர்பைனைச் சுழற்றும். இது ஏட்டளவில் இருக்கும் விஷயம் அல்ல. அலாஸ்காவில் சீனா ஹாட் ஸ்பிரிங்ஸ் (Chena Hot Springs) என்ற ஒதுக்குப்புற இடத்தில் 2006 முதல் வெறும் 74 டிகிரி தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்கு முன் அங்கே டீசல்தான். குறைந்த சூட்டிலும் அது ஓடுவதற்கு முக்கியக் காரணம், குளிர்விக்கப் பக்கத்திலேயே சில்லென்ற நீர் கிடைப்பது. வெந்நீருக்கும் குளிர்நீருக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த எஞ்சினின் தீனி. பூகாவில் தண்ணீர் இன்னும் சூடு, வெளியே இன்னும் குளிர். ஆனால் மெல்லிய காற்றால் ரேடியேட்டர் விசிறிகள் அதிகமாக உழைக்க வேண்டும். உற்பத்தியில் ஒரு பங்கை நிலையமே தின்றுவிடும்.

இன்னும் நெருங்கிய உதாரணம் திபெத்தின் யாங்பாஜிங். லாசாவிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில், ஏறக்குறைய பூகாவின் உயரத்தில், அதே இமாலய வெப்பப் பட்டையில் இருக்கிறது. 1977-ல் ஒரு மெகாவாட்டில் தொடங்கி, பிறகு ஏறத்தாழ 25 மெகாவாட் வரை வளர்ந்தது. நீர்மின்சாரம் குறையும் குளிர்காலத்தில் லாசாவைத் தாங்கிப்பிடித்தது அதுதான். பூகாவால் முடியுமா என்ற சந்தேகத்துக்கு மலையின் அந்தப்பக்கமே பதில் இருக்கிறது.

எங்கே தோற்கிறது: முதலில் பணம், அதுவும் இருட்டில் போடும் பணம். ஒரு கிலோவாட்டுக்கான முதலீடு உலக சராசரியில் சோலாரைப்போல ஐந்தாறு மடங்கு. அதில் கணிசமான பங்கு கிணறு தோண்டவே போகும். தோண்டிப் பார்க்காமல் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. வறண்ட கிணறு கிடைத்தால் பணம் திரும்பாது. எந்த வங்கியும் இதற்குச் சுலபத்தில் கடன் தராது. அதனால்தான் முதல் கிணறுகளின் சுமையை எங்குமே பெரும்பாலும் அரசாங்கம்தான் ஏற்கிறது. ஒரு மெகாவாட்டுக்குத் தோண்டினாலும் இருபது மெகாவாட்டுக்குத் தோண்டினாலும் துளையிடும் இயந்திரமான ரிக்கை மலையேற்றிக் கொண்டுவரும் செலவு ஏறக்குறைய ஒன்றே. சின்ன நிலையத்துக்கு அது பெரிய சுமை.

நம் நாட்டு அனுபவம் குறைவு. இமாச்சலத்தில் மணிகரணில் 1990களின் தொடக்கத்தில் 5 கிலோவாட் சோதனை நிலையம் ஓடியது. நிலச்சரிவு அதை முடித்துவைத்தது. தெலங்கானாவில் மணுகூரு பக்கம் சிங்கரேணி நிலக்கரி நிறுவனம் 20 கிலோவாட்டில் ஒன்று அமைத்தது. பூகாவுக்காக, அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் எரிசக்தி மையம், லடாக் நிர்வாகம், லே மலை மேம்பாட்டுக் குழு மூன்றும் 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டன. ஒரு மெகாவாட் சோதனை நிலையம் முதல் இலக்கு. 2025 செப்டம்பரில் புவிவெப்பத்துக்கென்று தேசியக் கொள்கையும் வந்தது. நாட்டில் 381 வெந்நீர் ஊற்றுகள், 10,600 மெகாவாட் வாய்ப்பு என்ற மதிப்பீடும் இருக்கிறது. அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது வாய்ப்பு. கிணற்றில் அளந்தது அல்ல.

மறைந்திருக்கும் செலவு: மூன்று.

ஒன்று, உப்பு. பூகா ஊற்றுகளைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருப்பது போராக்ஸ் என்ற போரான் உப்பு. ஒரு காலத்தில் அதைச் சுரண்டி எடுத்து வணிகம் செய்தார்கள். அப்படிப்பட்ட நீர் குழாய்க்குள் போகும்போது சுண்ணாம்பும் சிலிக்காவும் சுவரில் படிந்து வழியை அடைக்கும். யாங்பாஜிங்கில் கிணறுகளை அடிக்கடி சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. இதற்கென்று ஆளும் கருவியும் நிரந்தரமாக அங்கேயே இருக்க வேண்டும்.

இரண்டு, கழிவுநீர். யாங்பாஜிங்கில் பயன்படுத்திய நீரை ஆற்றில் விட்டார்கள். போரானும் ஆர்செனிக்கும் ஆற்றில் கலந்தன. பூகாவிலேயே இதற்கு ஒரு முன்னறிகுறி பார்த்துவிட்டோம்: 2022 ஆகஸ்டில் தோண்டும்போது வெளிப்பட்ட வெந்நீர் ஓடையில் கலந்ததால் வேலை நின்றது. எடுத்த நீரையெல்லாம் திரும்ப ஆழத்துக்கே செலுத்தும் கிணறு இல்லாமல் ஒரு மெகாவாட்கூட எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தத் திருப்பிச் செலுத்தும் கிணற்றின் செலவு முதல் மதிப்பீட்டிலேயே வர வேண்டும்.

மூன்று, ஊற்றே வற்றிப்போவது. நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958-ல் மின்நிலையம் தொடங்கியது. நீரைத் திருப்பிச் செலுத்தாமல் எடுத்துக்கொண்டே போனதில், பக்கத்துப் பள்ளத்தாக்கில் பீறிட்டுக்கொண்டிருந்த வெந்நீர்ப் பீச்சுகள் அடங்கிப்போயின. பூகாவில் அந்த வெதுவெதுப்பான ஈரநிலம்தான் கொக்குக்குக் கூடு, ஆட்டுக்குப் புல்.

நிலநடுக்கம் பற்றியும் சிலர் கேட்டார்கள். தென்கொரியாவின் போஹாங்கில் 2017-ல் வந்த 5.4 அளவு நிலநடுக்கம், வறண்ட பாறைக்குள் அதிக அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பிளந்ததால் தூண்டப்பட்டது. பூகாவில் இயற்கையாகவே நீர் ஓடும் பாறை. அப்படிப் பிளக்கத் தேவை இல்லை. ஆனாலும் இமயமலை அது. அதிர்வுமானிகள் முதல் நாளிலிருந்தே வைத்திருக்க வேண்டும்.

## சூட்டைச் சூடாகவே எடுப்பது

இந்த வழியைப் பெரும்பாலான விவாதங்களில் யாரும் பேசுவதே இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

எங்கே வெல்கிறது: நல்ல துளை ஒன்று தள்ளிய மணிக்கு 30 டன் என்பதையே எடுத்துக்கொள்வோம். அந்த நீர் 84 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு இறங்கினால் ஏறக்குறைய 1,200 கிலோவாட் வெப்பம் கிடைக்கும். 2 கிலோவாட் அறை ஹீட்டர் 600 ஓடுவதற்குச் சமம். அதே நீரை மின்சாரமாக மாற்றினால்? இந்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட மின்சாரமாகாது. 80 முதல் 100 கிலோவாட். அந்த மின்சாரத்தை ஹீட்டரில் செருகினால் 50 அறை. நேரடியாகக் குழாயில் விட்டால் 600 அறை. மைனஸ் 30 டிகிரி குளிரில் வாழும் பள்ளிக்கூடத்துக்கு இந்தக் கணக்கைவிட வேறென்ன வேண்டும்?

ஐஸ்லாந்து இதைத்தான் செய்கிறது. ரெய்க்யாவிக்கில் 1930-ல் வெந்நீர்க் குழாய் போடத் தொடங்கினார்கள். இன்று நாட்டின் பத்தில் ஒன்பது வீடுகள் இப்படித்தான் சூடாகின்றன. பூகாவிலும், சிந்து ஆற்றங்கரையில் இருக்கும் சுமாத்தாங் ஊற்றுகளிலும் அன்றைக்கே அறை சூடாக்குவது, பசுமைக்குடிலில் காய்கறி வளர்ப்பது, போராக்ஸ் சுத்திகரிப்பது என்று சோதனைகள் நடந்திருக்கின்றன. தொழில்நுட்பம் தெரியாமல் நின்றுபோகவில்லை. சோதனையைத் தாண்டித் தொடராமல் நின்றுபோயிற்று.

எங்கே தோற்கிறது: சூடு தூரம் போகாது. ஐஸ்லாந்தில் நெஸ்யவெட்லிர் நிலையத்திலிருந்து ரெய்க்யாவிக்குக்கு 27 கிலோமீட்டர் குழாயில் வெந்நீர் போகிறது. வழியில் இரண்டு டிகிரிகூட இறங்குவதில்லை. அது ஒரு தலைநகரத்துக்கான பெரிய குழாய். பூகாவிலிருந்து லே 170 கிலோமீட்டர். அந்தக் கனவை விட்டுவிடலாம். ஊற்றிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே இந்த வழி.

மறைந்திருக்கும் செலவு: ஊற்றுநீரை அப்படியே ரேடியேட்டரில் விட்டால் உப்பு படிந்து இரண்டு மூன்று குளிர்காலத்தில் அடைத்துவிடும். இடையில் ஒரு வெப்பமாற்றி வைத்து, சுத்தமான நீரைத்தான் அறைகளுக்கு அனுப்ப வேண்டும். அப்புறம், பம்ப் ஒரு ராத்திரி நின்றால் குழாய் உறைந்து வெடிக்கும். உறையாத திரவம் கலப்பது, தானாக வடியும் சரிவில் குழாய் பதிப்பது, பம்புக்குத் தனி மின்சாரம் வைப்பது எல்லாம் செய்தாக வேண்டும். அந்தச் சின்ன பம்புக்குச் சோலாரும் பேட்டரியும் தாராளமாகப் போதும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டீசல் | மின்பாதை | சோலார், பேட்டரி | புவிவெப்ப மின்சாரம் | நேரடிச் சூடு |
|---|---|---|---|---|---|
| ஜனவரி இரவு | எண்ணெய் இருக்கும்வரை | லைன் நிற்கும்வரை | பேட்டரி அளவுக்கு | எப்போதும் | எப்போதும் |
| அறைச் சூடு | விலை கட்டாது | நகரத்துக்கு ஓரளவு | கடினம் | வீணாகும் பங்கே அதிகம் | மிகச் சிறப்பு |
| பழுது | உள்ளூரில் முடியும் | வெளியிலிருந்து குழு | எளிது | நிபுணர் வேண்டும் | பிளம்பர் போதும் |
| முதல் செலவு | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | மிக அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் |
| பணம் வீணாகும் ஆபத்து | இல்லை | குறைவு | இல்லை | அதிகம் | குறைவு |
| முக்கியக் கேடு | புகை | பறவை மோதல் | பெரிதானால் மேய்ச்சல் நிலம் | கழிவுநீர், ஊற்று வற்றுதல் | பார்த்துச் செய்தால் சிறிது |
| எட்டும் தூரம் | எங்கும் | கோபுரம் போகும்வரை | எங்கும் | கம்பி போகும்வரை | சில கிலோமீட்டர் |

## அப்படியானால் யாருக்கு எது?

ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளி, விடுதி, மருத்துவ நிலையம்: நேரடிச் சூடும் கூரைச் சோலாரும். ஒரு வருடத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை. புதிதாக ஆழமாகத் தோண்டக்கூட வேண்டியதில்லை. மேலே வந்து வீணாகும் சூடே போதும். கடிதம் எழுதிய வாசகரின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

ஊற்று இல்லாத சாங்தாங் கிராமங்கள், இடம் மாறும் கூடாரங்கள்: சோலாரும் சின்ன பேட்டரியும். கூடவே தெற்குப் பக்கம் கண்ணாடி வைத்து, வெயிலைச் சுவரில் சேமிக்கும் வீடுகள். லடாக்கில் அப்படிக் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அறையைச் சூடாக்குவதில் பேட்டரியைவிட அந்தச் சுவர் அதிகம் உழைக்கும்.

லே நகரம்: மின்பாதை. அதன்மேல் பகலுக்குச் சோலார். பூகாவில் 20 மெகாவாட் வரை ஒருநாள் வந்தால், ஜோஜி லா பாதை அறுந்தாலும் நகரம் இருளாமல் இருக்க அது துணைநிற்கும். ஆனால் அதை எதிர்பார்த்து இன்றைக்கு எதையும் தள்ளிப்போடக் கூடாது.

நாடு: ஒரு மெகாவாட் சோதனை நிலையத்தை யூனிட் விலையை வைத்து எடைபோடக் கூடாது. 4,400 மீட்டரில் இருசுழற்சி எஞ்சின் எவ்வளவு கொடுக்கிறது, குழாயில் எவ்வளவு உப்பு படிகிறது, திருப்பிச் செலுத்தினால் ஊற்றுகள் தாங்குகின்றனவா என்பதையெல்லாம் அளந்து தெரிந்துகொள்ளும் செலவு அது. அரசு போட வேண்டிய பணம், போடலாம். இரண்டு நிபந்தனைகள் சொல்வேன். திருப்பிச் செலுத்தும் கிணறு முதலில். ஊற்றுகளின் மட்டமும் வெப்பமும், ஓடையின் போரான் அளவும், தோண்டுவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே மாதாமாதம் அளந்து சாங்பா மக்களுக்குத் தெரியும் இடத்தில் எழுதிவைக்க வேண்டும்.

மாணவருக்கு: நீங்கள் சொன்ன இரண்டரை ரூபாய் சரிதான், பகலில். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு இடம் தேடுகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். மின்சாரத்தை விட்டுவிட்டு, 30 அறை உள்ள ஒரு விடுதிக்கு வெப்பமாற்றி ஒன்றை வடிவமையுங்கள். உள்ளே 84 டிகிரி உப்புநீர், வெளியே மைனஸ் 30 டிகிரி, பம்ப் நின்று ஆறு மணி நேரத்துக்குள் ஆள் வர முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடித்தால் எனக்கும் அனுப்புங்கள்.